முதலில் அறை, பிறகே ஸ்பீக்கர்

வீட்டில் நல்ல ஒலியோடு பாட்டுக் கேட்க வேண்டும் என்ற ஆசையோடு வேலூர்ப் பக்கத்து ஒலி ஆர்வலர்களிடம் புதிதாக வந்து சேர்கிற எவரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "கையில் இவ்வளவு பணம் இருக்கிறது, எந்த ஸ்பீக்கர் வாங்கலாம்?" பல ஆண்டுகளாக இதில் ஊறியவர் எவரும் அதற்கு உடனே ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லிவிடமாட்டார். "உங்கள் அறை எத்தனை அடி நீளம், எத்தனை அடி அகலம், கூரைத் தளம் எவ்வளவு உயரம், தரை டைல்ஸா மொசைக்கா?" என்று திருப்பிக் கேட்பார். மழுப்புகிறார் என்று புதியவருக்குத் தோன்றக்கூடும். உண்மையில் அந்தக் கேள்விகளுக்கான விடைதான் வாங்கப்போகும் பொருளில் பாதியை முடிவு செய்கிறது. அது எப்படி என்பதைக் கணக்கும் கருவியும் அதிகம் தெரியாத ஒருவருக்கு விளக்குவதே இந்தக் கட்டுரையின் வேலை.

ஸ்பீக்கரிலிருந்து புறப்படும் ஒலி மூன்று தவணைகளில் நம் காதை வந்தடைகிறது. நேராக வருவது முதல் தவணை. பக்கச் சுவர், தரை, கூரை ஆகியவற்றில் ஒருமுறை பட்டுச் சில மில்லி வினாடிகள் தாமதித்து வருவது இரண்டாவது. அறை முழுவதும் பலமுறை அலைந்து, மெல்லத் தேய்ந்து மறைவது மூன்றாவது. இந்த மூன்றாவதைத்தான் இயற்பியல் பாடப்புத்தகங்கள் எதிர்முழக்கம் என்கின்றன. ஸ்பீக்கரை உருவாக்கியவரின் திறமை முழுதாக வெளிப்படுவது முதல் தவணையில் மட்டுமே. மற்ற இரண்டும் நம் கொத்தனாரின் கைவேலை என்று சொன்னால் மிகையில்லை.

திருமண மண்டபத்தில் இதை எல்லோரும் கேட்டிருப்போம். மாலையில் மண்டபம் காலியாக இருக்கும்போது மைக்செட்காரர் "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று சொன்னால் சொல்லே புரியாமல் முழங்கும். அதே மைக், அதே ஸ்பீக்கர், இரவு வரவேற்புக்கு ஐந்நூறு பேர் வந்து உட்கார்ந்ததும் பேச்சு தெளிவாகிவிடும். இடையில் யாரும் கருவியைச் சீர்செய்யவில்லை. மனித உடம்பும் அவர்கள் உடுத்தியிருக்கும் துணியும் ஒலியை விழுங்கிக்கொண்டன, அவ்வளவுதான்.

இந்த விழுங்குதலை முதன்முதலில் கணக்குக்குள் கொண்டுவந்தவர் வாலஸ் கிளமென்ட் சபீன் என்ற அமெரிக்க இயற்பியலாளர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில் பேராசிரியர் பேசுவது மாணவர்களுக்குப் புரியாமல் போக, 1895-இல் அதைச் சரிசெய்யும் பொறுப்பு இளம் ஆசிரியராக இருந்த அவரிடம் வந்தது. ஓர் ஆர்கன் குழாயையும் நேரம் குறிக்கும் கருவியையும் வைத்துக்கொண்டு, ஊர் அடங்கிய இரவுகளில், பக்கத்து அரங்கத்து இருக்கை மெத்தைகளைச் சிறிது சிறிதாகக் கூடத்துக்குள் சுமந்து வந்து அடுக்கி, ஒலி தேய எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார். காலியான கூடத்தில் ஐந்து வினாடிக்கு மேல் நின்ற ஒலி மெத்தைகள் கூடக் கூடக் குறைந்துகொண்டே வந்தது. அந்த அளவைகளிலிருந்து பிறந்த எளிய சூத்திரம் இன்றும் பயன்படுகிறது: அறையின் கன அளவைக் கன மீட்டரில் எடுத்து 0.161-ஆல் பெருக்கி, அறையில் உள்ள மொத்த உறிஞ்சு பரப்பால் வகுத்தால், ஒலி 60 டெசிபெல் (டெசிபெல் என்பது சத்தத்தை அளக்கும் அலகு) தேய ஆகும் நேரம் வினாடியில் கிடைக்கும். உறிஞ்சு பரப்புக்கு அவர் எடுத்துக்கொண்ட அலகு அழகானது. திறந்த ஜன்னல் வழியாகப் போன ஒலி திரும்பி வராது என்பதால், திறந்த ஜன்னலையே முழு உறிஞ்சலுக்கு அளவுகோலாக வைத்தார்.

இப்போது இந்தச் சூத்திரத்தை நம் ஊர் வீட்டுக்குக் கொண்டுவருவோம். சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ கட்டப்பட்ட ஒரு சராசரி படுக்கையறை பத்துக்குப் பத்து அடி, கூரை உயரமும் ஏறக்குறைய பத்து அடி. கன அளவு சுமார் 28 கன மீட்டர். நான்கு சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து சுமார் 56 சதுர மீட்டர் பரப்பு. பூசிய செங்கல் சுவரும் டைல்ஸ் தரையும் கான்கிரீட் தளமும் தம்மேல் படும் ஒலியில் நூற்றில் மூன்று பங்கை மட்டும் விழுங்குவதாக வைத்துக்கொண்டால், மொத்த உறிஞ்சு பரப்பு 1.7 சதுர மீட்டர்கூடத் தேறாது. கணக்குப் போட்டால் வெற்று அறையில் ஒலி இரண்டரை வினாடிக்கு மேல் நிற்கும். நாலுக்கு நாலு அடி ஜன்னல் ஒன்றை முழுதாகத் திறந்துவிட்டால் 1.5 சதுர மீட்டர் கூடுகிறது. நேரம் ஏறக்குறைய பாதியாகிறது. ஒரு காசு செலவில்லாத முன்னேற்றம் இது. ஆனால் சத்துவாச்சாரியில் வீடு நெடுஞ்சாலையைப் பார்த்திருந்தால், பெங்களூரு லாரிகளின் ஹாரனும் அதே ஜன்னல் வழியாக உள்ளே வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாட்டுக் கேட்கும் சிறிய அறையில் இந்த நேரம் அரை வினாடிக்குள் இருப்பது நல்லது. அதற்கு 9 சதுர மீட்டர் உறிஞ்சு பரப்பாவது வேண்டும் என்பதால், ஜன்னலோடு வேலை முடிந்துவிடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. வீட்டு ஒலி குறித்துப் புதியவர் காணும் காணொளிகளில் பெரும்பாலானவை அமெரிக்க வீடுகளில் எடுக்கப்பட்டவை. அங்கே மரச் சட்டத்தின் மேல் ஜிப்சம் பலகை அறைந்த சுவர்கள் அதிகம். தரையில் சுவருக்குச் சுவர் கம்பளம். அந்தப் பலகைச் சுவர் பேஸ் எனப்படும் ஆழ்ந்த தாழ்சுர ஒலி படும்போது தானும் சற்றே வளைந்து, அந்த ஆற்றலில் ஒரு பகுதியை விழுங்கியும் வெளியே கசியவிட்டும் விடுகிறது. நம் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் அப்படி வளைந்து கொடுப்பதில்லை. உள்ளே போட்ட பேஸ் உள்ளேயே சுற்றும். ஆகவே "பேஸ் போதவில்லை, பன்னிரண்டு அங்குல சப்வூஃபர் இரண்டு வாங்குங்கள்" என்று, பேஸுக்கு மட்டுமான அந்தத் தனி ஸ்பீக்கரைப் பற்றி அங்கிருந்து வரும் அறிவுரை, வேலூர் வீட்டில் பெரும்பாலும் தலைவலியில் கொண்டுபோய் விடும். என் தீர்மானமான கருத்து இது: பத்துக்குப் பன்னிரண்டு வரை உள்ள கான்கிரீட் அறைக்கு ஐந்து அல்லது ஆறரை அங்குல வூஃபர் (பேஸ் தரும் பெரிய கூம்பு) கொண்ட சிறிய ஸ்பீக்கர் ஜோடியே போதும், சப்வூஃபர் பற்றிய பேச்சை ஓராண்டு தள்ளிப்போடலாம்.

பேஸ் உள்ளே சுற்றுவதோடு நின்றால் பரவாயில்லை. சில குறிப்பிட்ட சுரங்களில் மட்டும் அது பெருகிக்கொள்ளும். காற்றில் ஒலியின் வேகம் 20 டிகிரி வெப்பத்தில் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே உள்ள தூரம் எந்த அதிர்வெண்ணின் அரை அலைநீளத்துக்குச் சமமாக இருக்கிறதோ, அந்த அதிர்வெண்ணில் போகிற அலையும் திரும்புகிற அலையும் கைகோத்துக்கொள்கின்றன; ஊஞ்சல் பின்னால் வந்து திரும்பும் கணம் பார்த்துத் தள்ளினால் சிறு விசையிலேயே அது உயரப் போவதைப் போல, ஸ்பீக்கர் தருகிற சிறிய ஆற்றலிலேயே அந்த ஒரு சுரம் அறை முழுவதும் வீங்கிவிடுகிறது. பத்து அடி என்பது 3.05 மீட்டர். 343-ஐ அதன் இரு மடங்கால் வகுத்தால் 56 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 56 அதிர்வு. பன்னிரண்டு அடிக்கு 47 ஹெர்ட்ஸ். இருபது அடிக்கு 28 ஹெர்ட்ஸ். இதன் இரு மடங்கிலும் அதே வீக்கம் வரும்; அது மறுபடியும் 56. பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிப்பது என்பதை நினைவில் கொண்டால், இந்த எண்களில் பெரும்பாலானவை நம் திரையிசைப் பாட்டுகளின் பேஸ் நடமாடும் தெருவிலேயே நிற்கின்றன என்பது புரியும்.

நீளம், அகலம், உயரம் மூன்றும் வேறு வேறாக இருந்தால் இந்த வீக்கங்கள் வேறு வேறு இடங்களில் சிதறி விழும். காது ஓரளவு சமாளித்துக்கொள்ளும். மூன்றும் பத்து அடியாக இருக்கிற அறையில் மூன்று வீக்கங்களும் ஒரே 56 ஹெர்ட்ஸில் குவிகின்றன. பேஸ் கிட்டாரில் ஒரு சுரம் மட்டும் 'கும்' என்று இடிக்க, அடுத்த சுரம் காணாமல் போவது இதனால்தான். ஒலியியலின் கண்ணோடு பார்த்தால் கனசதுர அறையைவிட மோசமான வடிவம் கிடையாது. நம் மேஸ்திரிகளுக்கு மிகவும் பிடித்த அளவும் அதுவாகவே இருப்பது நம் தலையெழுத்து. வீட்டில் வேறு அறை இருக்குமானால், பத்துக்குப் பதினான்கு போன்ற நீளமான அறையைத் தேர்ந்தெடுப்பது பதினைந்தாயிரம் ரூபாய் கூடுதலாகச் செலவழித்து ஸ்பீக்கர் வாங்குவதைவிட மேலான முடிவு. போகிற போக்கில் ஒரு வேடிக்கை: அக்கினி நட்சத்திரத்தில் அறைக்குள் 40 டிகிரி ஏறும்போது ஒலியின் வேகம் வினாடிக்கு 355 மீட்டரைத் தொடுவதால், அந்த 56 ஹெர்ட்ஸ் 58 ஆக நகர்ந்துவிடும். காதுக்கு அந்த வேறுபாடு தெரியப்போவதில்லை; அப்போது விசிறியின் இரைச்சல்தான் தெரியும்.

அறையை மாற்ற முடியாதவர்கள் உட்காரும் இடத்தை மாற்றலாம். சொன்ன இந்த வீக்கம் சுவரோரத்தில் உச்சமாகவும் அறையின் நட்டநடுவில் ஏறக்குறைய இல்லாமலும் இருக்கும். சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போட்டுத் தலையைச் சுவரில் சாய்த்துக் கேட்பவருக்கு பேஸ் இரைவதும், அறை நடுவில் நாற்காலி போட்டவருக்கு பேஸ் வற்றிப்போவதும் ஒரே ஸ்பீக்கரில் ஒரே நேரத்தில் நடக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட ஓரிடம், அதாவது பின்சுவரிலிருந்து அறை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு முன்னே தள்ளி, தொடக்கத்துக்கு நல்ல இடம். அங்கிருந்து அரை அடி முன்னும் பின்னுமாக நாற்காலியை நகர்த்தி, பழகிய ஒரு பாட்டின் பேஸ் எங்கே ஒரே சீராகக் கேட்கிறதோ அங்கே தரையில் சுண்ணக்கட்டியால் குறி போட்டுக்கொள்ள வேண்டும்.

ஸ்பீக்கரை வைக்கும் இடம் இன்னும் முக்கியமானது. நம் வீடுகளில் அது பெரும்பாலும் பரணாகவோ ஷோகேஸாகவோ இருக்கிறது. பரணில் ஏற்றிய ஸ்பீக்கர் கூரையையும் இரண்டு சுவர்களையும் ஒட்டி மூலையில் உட்கார்ந்துகொள்வதால் பேஸ் தேவைக்கு மேல் பெருகும். உயர்ந்த ஒலிகளோ கேட்பவரின் தலைக்கு மேலே பறந்து போகும். ஷோகேஸின் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் பாடகர் குடத்துக்குள்ளிருந்து பாடுவார். பின்சுவரிலிருந்து தள்ளி வைப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஸ்பீக்கரின் முகப்பு பின்சுவரிலிருந்து மூன்றடியில் இருந்தால், சுவருக்குப் போய்த் திரும்பும் ஒலி 94 ஹெர்ட்ஸ் பகுதியில் நேர்ஒலியோடு மோதி அதைக் குறைத்துவிடும். ஓரடியில் இருந்தால் அந்தப் பள்ளம் 280 ஹெர்ட்ஸுக்கு ஏறிப் பாடகரின் குரலிலேயே கைவைக்கும். ஒரே தூரம் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது என்பதால் இரண்டடியில் தொடங்கி, கேட்டுக் கேட்டு நகர்த்துவதே வழி. பின்சுவர்த் தூரமும் பக்கச்சுவர்த் தூரமும் ஒன்றாக இல்லாமல் பார்த்துக்கொண்டால் பள்ளங்கள் ஒரே இடத்தில் விழாது.

இரண்டு ஸ்பீக்கர்களும் கேட்பவரும் சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளில் இருக்க வேண்டும் என்பது ஸ்டீரியோவின் அடிப்படை விதி. பிரிட்டனின் ஆலன் புளூம்லைன் 1931-இல் ஸ்டீரியோ ஒலிக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்ததிலிருந்து இன்றுவரை அடிப்படைக் கருத்து மாறவில்லை: இடமும் வலமும் சமமாக வந்து சேரும் ஒலியை மூளை நடுவில் இருப்பதாக எண்ணிக்கொள்ளும். ஆறடி இடைவெளியில் ஸ்பீக்கர்களை வைத்து, ஆறடி தள்ளி உட்கார்ந்து, பாட்டைப் போட்டுக் கண்ணை மூடினால், ஒன்றுமே இல்லாத நடுவெளியில் பாடகரின் குரல் நிற்க வேண்டும். குரல் எங்கும் நிலைகொள்ளாமல் இரு பக்கமும் சிதறி, பேஸும் மெலிந்து கேட்டால், ஒரு ஸ்பீக்கருக்குச் சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் மாறிப் போயிருக்கின்றன என்று அறிக. புதியவர் வீட்டில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். எதிர்பார்ப்பதைவிட அதிக வீடுகளில் மாறித்தான் இருக்கிறது.

ஸ்பீக்கரில் உயர்ந்த சுர ஒலியைத் தரும் சிறு பகுதியான ட்வீட்டர் காதின் உயரத்தில் இருக்க வேண்டும் என்ற விதியையும் நம் பழக்கத்துக்கேற்பப் படித்துக்கொள்ள வேண்டும். நாற்காலியில் அமர்பவருக்குக் காது ஏறக்குறைய மூன்றரை அடியில் இருக்கும். வந்தவாசிக் கோரைப்பாய் விரித்துத் தரையில் சம்மணமிட்டுக் கேட்கிற குடும்பமென்றால் இரண்டரை அடிக்குக் கீழே இறங்கிவிடும். கடையில் கிடைக்கும் ஸ்டாண்டு அவர்களுக்கு உயரம் அதிகம். ஹாலோ பிளாக் கற்களை நிறுத்தி வைத்து, மேலே ஒரு கடப்பாக்கல் துண்டைப் போட்டு, நடுவில் ரப்பர் அட்டை கொடுத்தால், ஆடாமல் அசையாமல் நிற்கும் மலிவான ஸ்டாண்டு தயார். பார்வைக்கு முரட்டுத்தனமாகத் தெரிந்தால் வீட்டிலிருப்பவர்கள் ஒரு துணியைப் போர்த்திவிடுவார்கள்.

இனி உறிஞ்சும் பொருள்கள். புதியவர்கள் செய்கிற முதல் வேலை முட்டை அட்டைகளைச் சேகரித்துச் சுவரில் ஒட்டுவது. மெல்லிய காகித அட்டை அது; உயர்ந்த ஒலியில் சிறிது மாற்றம் செய்யும், மற்றபடி தூசியும் பல்லியும் குடியேற இடம் தரும். தெர்மாகோல் ஒலியை உறிஞ்சாது. கோரைப்பாய் உட்காரச் சுகமானது, ஒலிக்கு மிக மெல்லியது. உண்மையில் வேலை செய்பவை கனமும் நுண்துளைகளும் உள்ளவை: பஞ்சு மெத்தை, இரட்டையாக மடித்த தடித்த ஜமக்காளம், மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனத்த திரைச்சீலை, துணிகள் நிறைந்த திறந்த அலமாரி. அந்த வகையில் படுக்கையறை ஏற்கெனவே பாதி தயாரான கேட்பறைதான். கொஞ்சம் கைவேலை தெரிந்தவர் இரண்டு முதல் நான்கு அங்குல ஆழத்தில் மரச் சட்டம் செய்து, பாய்லர் குழாய்களுக்குச் சுற்றுகிற ராக்வூல் பலகையை அதில் நிரப்பி, மேலே குடியாத்தம் கைத்தறித் துணியை இழுத்துக் கட்டிவிடலாம். தொழிற்சாலைகள் நிறைந்த ராணிப்பேட்டைப் பக்கத்தில் ராக்வூல் யாருக்கும் புதிய பொருளன்று. கையாளும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம்.

அந்தச் சட்டத்தை எங்கே மாட்டுவது என்பதற்கு ஒரு கண்ணாடியும் ஒரு துணையாளும் போதும். நீங்கள் உங்கள் இடத்தில் அமர்ந்திருக்க, அவர் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச் சுவரோடு ஒட்டி மெல்ல நகர்த்திக்கொண்டே வர வேண்டும். கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் உங்களுக்குத் தெரியும் இடம்தான் ஒலி பட்டுத் திரும்பும் இடம். சட்டம் அங்கே போக வேண்டும். அதன் பிறகு அறை நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். முன்பு 'டிர்ர்' என்று சிறு சிலிர்ப்போடு முடிந்த தட்டல் இப்போது தட்டியதோடு நின்றால், செய்தது பலித்திருக்கிறது. ஆனால் இந்தச் சட்டங்களும் மெத்தைகளும் பேஸ் வீக்கத்தைக் குணப்படுத்தும் என்று நம்பிவிடக்கூடாது. 56 ஹெர்ட்ஸின் அலைநீளம் இருபது அடி; அதன் கால் பங்கே ஐந்தடி. அவ்வளவு தடித்த பஞ்சைப் பத்தடி அறையில் அடைத்தால் உட்காருவதற்கு இடமிருக்காது.

அறையை இவ்வளவு புரிந்துகொண்டவருக்கு ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் தேர்ந்தெடுப்பது சுலபம். ஸ்பீக்கர் அட்டையில் 86 டெசிபெல் என்று உணர்திறன் குறித்திருந்தால், 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தூரத்தில் அளந்தபோது அவ்வளவு சத்தம் வந்தது என்று பொருள். ஜோடி ஸ்பீக்கர், சிறிய அறை, இரண்டு மீட்டர் தூரம் என்றால் ஒரே ஒரு வாட்டில் உங்கள் நாற்காலியில் 80 டெசிபெலுக்குச் சற்று மேலாகவே கிடைக்கும். எதிரில் இருப்பவரோடு பேச வேண்டுமானால் குரலை உயர்த்த வேண்டிய அளவு அது. சத்தம் இரட்டிப்பானதாகக் காதுக்குத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல் கூட வேண்டும். அதற்கு ஆம்ப்ளிஃபயர் பத்து மடங்கு ஆற்றல் தர வேண்டும். தவில் அடி போன்ற திடீர் உச்சங்களுக்கு இடம் விட்டுப் பார்த்தாலும், ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 30 முதல் 50 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். (ஆம்ப்ளிஃபயர் தொடர்ந்து தரக்கூடிய ஆற்றல்) இருந்தால் நம் அறைகளுக்குத் தாராளம்.

ஆர்.எம்.எஸ். என்ற சொல்லை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கடைகளில் பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் பி.எம்.பி.ஓ. வாட்ஸ் என்பது விற்பனைக்காக ஊதிய எண். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 5 ஆம்ப்ஸ் பிளக்கில் செருகுகிற எந்தப் பெட்டியும் தொடர்ந்து 1,150 வாட்ஸுக்கு மேல் இழுக்கவே வழியில்லை. உள்ளே போகாத ஆற்றல் 10,000 வாட்ஸாக வெளியே எப்படி வரும்? இதற்காக உள்ளூரில் அசெம்பிள் செய்த செட்டுகளை நான் இகழவில்லை. சென்னை ரிட்சி தெருவில் பலகையும் டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கிவந்து, நல்ல ஹீட் சிங்க் போட்டு, கையால் செட் கட்டித் தருகிற ரேடியோ மெக்கானிக்குகள் இந்த மாவட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். விலைக்கு ஏற்ற உழைப்பு அவற்றில் இருக்கிறது. அவர்களிடம் கேட்க வேண்டியவை: டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை ஆம்பியர், 4 ஓம் ஸ்பீக்கரை இது தாங்குமா, கோடைக்குக் காற்றோட்டம் போதுமா. ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை; அது குறையக் குறைய ஆம்ப்ளிஃபயர் அதிக மின்னோட்டம் தந்து அதிகம் சூடாகும். மே மாதத்து வேலூரில் மூடிய ஷோகேஸுக்குள் வைத்த செட்டுக்கு இதைவிடச் சோதனை வேண்டாம்.

மற்றவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். ஒயருக்கு வீட்டு வயரிங்கில் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியே போதும். சில அடி ஒயருக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பதற்குச் சாதகமாக எந்த வாதத்தையும் நான் ஏற்கவில்லை. கைப்பேசியோ பழைய சி.டி. பிளேயரோ ஒலிமூலமாக இருக்கலாம். 1982-இல் வந்த சி.டி. வினாடிக்கு 44,100 மாதிரிகள் எடுத்து, காது கேட்கும் 20,000 ஹெர்ட்ஸ் எல்லை முழுவதையும் அடக்கிவிடுகிறது. மின்தடையின்போது செட் 'கர்ர்' என்று இரைந்தால் ஸ்பீக்கரைச் சந்தேகிக்காமல் இன்வெர்ட்டரைப் பாருங்கள். சதுர அலை இன்வெர்ட்டர்கள் அப்படித்தான் செய்யும், சைன் அலை இன்வெர்ட்டரில் அந்தத் தொல்லை இராது. மின்சாரம் இருக்கும்போதே ஓயாமல் ஹம் கேட்டால் எர்த் இணைப்பை எலக்ட்ரீஷியனிடம் காட்டுவது முதல் வேலை.

இனி, பிறர் வீட்டுக்குக் கேட்கப் போவதைப் பற்றி. வேலூர், ஆற்காடு, குடியாத்தம் பக்கங்களில் இந்த ஆர்வம் உள்ளவர்கள் பலவகைப்பட்டவர்கள்: பழைய மைக்செட் உரிமையாளர்கள், கல்லூரி மாணவர்கள், தோல் தொழிற்சாலையில் வேலை முடித்து வருபவர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். ஒருவர் வீட்டில் உள்ள செட்டின் விலையைக் கேட்பது யாருக்கும் தவறாகத் தோன்றாது. ஆனால் அனுமதியில்லாமல் அதன் குமிழைத் திருகுவது நிச்சயம் தவறு. நூறு தடவை கேட்டு மனப்பாடமான பாட்டு இரண்டை எடுத்துச் செல்லுங்கள். அவற்றில் ஒன்றிலாவது மிருதங்கம் இருப்பது நல்லது. தொப்பி எனும் இடப்பக்கத்தின் ஆழமும் வலந்தலை எனும் வலப்பக்கத்தின் கூர்மையும் ஒரே கருவியில் கிடைப்பதால், அறையின் பேஸ் வீக்கமும் ட்வீட்டரின் குணமும் சேர்ந்தே வெளிப்பட்டுவிடும். "எப்படி இருக்கிறது தம்பி?" என்று வீட்டுக்காரர் கேட்டால், "குரல் நடுவில் நிற்கிறது அண்ணே, தொப்பி மட்டும் கொஞ்சம் இழுக்கிறது" என்று கேட்டதைச் சொல்லலாம். அதில் அவருக்கு மகிழ்ச்சிதான். வெறும் "சூப்பர்" அவருக்குப் பயன்படாது.

இரண்டு செட்டுகளை ஒப்பிடும் விவாதம் வந்தால் சத்தத்தைச் சமப்படுத்தாமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஒரு டெசிபெல் கூடுதலாக ஒலிப்பதைக் காது "சத்தமாக இருக்கிறது" என்று உணராமல் "நன்றாக இருக்கிறது" என்று உணரும். கடைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 1,000 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, கைப்பேசியில் உள்ள டெசிபெல் செயலியால் இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, எது எதென்று தெரியாமல் கேட்டுப் பாருங்கள். குறைந்த சத்தத்தில் பேஸ் மெலிந்து தெரிவதும் காதின் இயல்புதான். ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இலேயே அதை அளந்து காட்டிவிட்டார்கள். பழைய ஆம்ப்ளிஃபயர்களில் 'லவுட்னஸ்' பொத்தான் இருப்பது அதற்காகத்தான். குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபெல்தான் சட்டம் வகுத்த எல்லை என்பதால், பக்கத்து வீட்டாரோடு உறவு நிலைக்க விரும்புபவருக்கு அந்தப் பொத்தான் உதவும். காதுக்கும் ஓர் எல்லை இருக்கிறது: 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு நாற்பது மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கடைசியாக, ஒவ்வொரு அதிர்வெண் பகுதியையும் தனியே கூட்டிக் குறைக்க உதவும் ஈக்வலைசர். ஸ்பீக்கரையும் நாற்காலியையும் இயன்றவரை நகர்த்தி முடித்த பிறகே அதைத் தொட வேண்டும். 20-இலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒலியை ஓடவிட்டு, உங்கள் இடத்தில் கைப்பேசியை வைத்து அளந்தால், நம் பத்தடி அறையில் 56 ஹெர்ட்ஸ் அருகே ஒரு குன்று தெரியும். கைப்பேசி மைக் ஆழ்ந்த பேஸை முழுமையாக அளக்காது என்றாலும் குன்று இருக்கும் இடத்தைக் காட்டிவிடும். அந்தக் குன்றை மட்டும் ஈக்வலைசரில் ஐந்தாறு டெசிபெல் வெட்டிவிடலாம். மிருதங்கம் உடனே இறுக்கமாவது கேட்கும். வளைகோட்டில் தெரியும் பள்ளங்களை அதே கருவியால் நிரப்ப முயலக்கூடாது. அங்கே இரண்டு அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருக்கின்றன. எவ்வளவு ஆற்றல் ஊற்றினாலும் இரண்டும் சேர்ந்தே வளர்ந்து மறுபடியும் அழித்துக்கொள்ளும், நடுவில் வூஃபரின் கம்பிச்சுருள்தான் கருகும். பள்ளத்துக்கு மருந்து, சுண்ணக்கட்டிக் குறியை அழித்துவிட்டு நாற்காலியை இன்னும் அரை அடி நகர்த்துவதுதான்.